மருத்துவக் கழிவுக்கும் குண்டர் சட்டம்: பத்துப் படுக்கை ஆஸ்பத்திரி என்ன மாற்ற வேண்டும்?

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் பத்துப் படுக்கையும் ஒரு சின்ன லேபும் வைத்து நடத்துகிறீர்கள். மனைவி மகப்பேறு மருத்துவர், நிர்வாகம் உங்கள் கையில். மருத்துவக் கழிவைக் கொட்டினால் குண்டர் சட்டம் என்று படித்ததும் பயம் வந்திருக்கிறது, ஏனென்றால் இத்தனை நாளும் காலி குளுக்கோஸ் பாட்டிலைக் காயலான் கடைக்காரர் வந்து எடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். "எங்களையும் பிடிப்பார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. சட்டத்தில் உண்மையில் என்ன மாறியது என்பது ஒன்று. நம் வாசலைத் தாண்டிப் போன பைக்கு எதுவரை நாம் பொறுப்பு என்பது மற்றொன்று. முதலாவதைச் சுருக்கமாகவும் இரண்டாவதை விரிவாகவும் எழுதுகிறேன், தினசரி வேலை அங்கேதான் இருக்கிறது. மருத்துவமனைகளின் கழிவு, உரிம வேலைகளைப் பார்க்கிறவன் என்ற முறையில் எழுதுவது இது. நான் வழக்கறிஞர் இல்லை. உங்கள் மேல் நோட்டீஸ் வந்துவிட்டால் இந்தப் பதில் போதாது.

இந்தச் சட்டத் திருத்தத்துக்கு நம் மாவட்டமே காரணம் என்று சொன்னால் மிகையாகாது. 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர், பழவூர் பகுதிகளில் கேரள மருத்துவமனைகளின் கழிவு மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கிடந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு அதைக் கையிலெடுத்து, கேரளாவே வந்து அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று மூன்று நாள் கெடு வைத்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பே லாரிகள் வந்து அள்ளிப் போயின. எந்த மருத்துவமனையின் கழிவு என்று எப்படித் தெரிந்தது என்பதைக் கவனியுங்கள். மூட்டைக்குள் கிடந்த காகிதங்களில் மருத்துவமனையின் பெயரும் நோயாளிகளின் விவரமும் இருந்தன. கொட்டியவர் யார் என்று தேடுவதற்கு முன்பே, கழிவு எங்கே பிறந்தது என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் மசோதா வந்தது. நாம் குண்டர் சட்டம் என்று சொல்லும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டத்தில், கள்ளச்சாராயம், மணல் திருட்டு, போதைப்பொருள் போன்றவற்றோடு உயிரி மருத்துவக் கழிவை விதிமீறிக் கொட்டுவதும் சேர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. இது உறுதியான செய்தி.

அடுத்ததும் உறுதிதான், ஆனால் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்தச் சட்டம் குற்றத்துக்குத் தண்டனை கொடுக்கும் சட்டம் இல்லை. இனிமேலும் செய்துவிடுவார் என்று கருதி முன்கூட்டியே அடைத்துவைக்கும் தடுப்புக்காவல் சட்டம். உத்தரவு போடுபவர் மாவட்ட ஆட்சியர், மாநகர எல்லைக்குள் என்றால் போலீஸ் கமிஷனர். காவலுக்கான காரணங்களை 5 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தராவிட்டால் உத்தரவு செல்லாது. மூன்று வாரத்துக்குள், காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் ஆலோசனைக் குழுமத்துக்குப் போக வேண்டும். அதிகபட்சக் காவல் 12 மாதம். சாதாரண ஜாமீன் மனு இங்கே வேலை செய்யாது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுதான் போட வேண்டும். அதனால்தான் இதைக் கண்டு பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது.

உங்களைப் போன்ற சிறிய மருத்துவமனைக்கு இது பாயுமா என்பது சந்தேகத்துக்குரிய இடம். தடுப்புக்காவல் உத்தரவு நிற்க வேண்டுமானால் அந்தச் செயல் பொது ஒழுங்கையே குலைப்பதாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. லாரி லாரியாக ஆற்றோரம் கொட்டிய தரகரும், தெரியாமல் ஒரு சாக்கு பாட்டிலை விற்ற மருத்துவமனையும் ஒரே தட்டில் நிற்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு. ஆனால் அது கணிப்புதான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உங்கள் பெயர் போட்ட கழிவு கிடந்தால், அதுவும் தாமிரபரணிக்கரையிலோ கால்வாயிலோ கிடந்தால், ஊர் மக்கள் சாலை மறியலுக்கு உட்கார்ந்தால், கணக்கு மாறிவிடும். "சின்ன ஆஸ்பத்திரிக்கு ஒன்றும் வராது" என்று யாராவது அடித்துச் சொன்னாலும் நம்பாதீர்கள், "ஒரு ஊசி கிடந்தால் உள்ளே போட்டுவிடுவார்கள்" என்று பயமுறுத்தினாலும் நம்பாதீர்கள்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் நடந்த ஒரு மாற்றத்தைப் பலர் கவனிக்கவே இல்லை. உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016ஆம் ஆண்டு மத்திய விதிகள், 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை. முன்பு விதியை மீறினால் 5 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். மத்திய அரசு 2023இல் கொண்டுவந்த ஜன் விஸ்வாஸ் திருத்தத்தால் 2024 ஏப்ரல் 1 முதல் அந்தச் சிறைத் தண்டனை போய், பத்தாயிரம் ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை பணத் தண்டமாக மாறிவிட்டது. கட்டாமல் இழுத்தால்தான் மறுபடி சிறை. வழக்கு நீதிமன்றம் போய் வருடக்கணக்கில் இழுப்பதற்குப் பதில், தீர்ப்பு அதிகாரி ஒருவரே விசாரித்துத் தொகை போடலாம். சிறிய மருத்துவமனைக்கு உண்மையில் அருகில் இருக்கும் ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். இதற்கு மேல் சுற்றுச்சூழல் இழப்பீடு தனியாக உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி ஒரு மருத்துவமனைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 1,200 ரூபாய். குறை கண்ட நாளிலிருந்து சரிசெய்த நாள் வரை எண்ணுவார்கள். மூன்று மாதம் கவனிக்காமல் விட்டால் லட்சத்தைத் தாண்டும்.

இனி பொறுப்பு எதுவரை என்பதற்கு வருவோம். விதிகளின்படி, கழிவு உருவாகும் இடத்தை நிர்வகிப்பவரே பொறுப்பாளர். உங்கள் இடத்தில் அது நீங்களோ உங்கள் மனைவியோ, உரிமத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர். படுக்கை இல்லாத கிளினிக், லேப், பல் மருத்துவர், சித்த மருத்துவர், கால்நடை மருத்துவமனை, ரத்ததான முகாம், தடுப்பூசி முகாம் எல்லாமே இதற்குள் வரும். பல மருத்துவமனைகளின் கழிவையும் எடுத்துப் போகும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட்டேன், இனி அவர்கள் பாடு என்று இருக்க முடியாது. முறையற்ற கையாளலால் பொதுமக்களுக்கோ சுற்றுச்சூழலுக்கோ வரும் சேதத்துக்குப் பொறுப்பாளரும் நிலையத்தாரும் பொறுப்பு என்று 18ஆம் விதி சொல்கிறது. அப்படியானால் உங்களைக் காப்பாற்றுவது என்ன? இந்தப் பை இந்தத் தேதியில், இந்த எடையில், இந்தப் பட்டைக்குறியீட்டோடு (பார்கோடு), உரிமம் பெற்ற இந்த வண்டியில் ஏறியது என்று காட்டும் சங்கிலி மட்டும்தான். அது அறுபடாமல் இருந்தால், வழியில் வேறொருவர் செய்த தவறை அவர் தலையிலேயே வைக்க முடியும். காயலான் கடைக்காரர் அந்தச் சங்கிலியில் இல்லை. அவர் எடுத்துப் போன பாட்டில் எந்த வாய்க்காலில் மிதந்தாலும், உங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

குளுக்கோஸ் பாட்டிலைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் பாட்டில், ஐவி செட், கதீட்டர், சிறுநீர்ப் பை, ஊசி நீக்கிய சிரிஞ்சு, கையுறை எல்லாம் சிவப்புப் பை. "ரத்தம் படவில்லையே, வெறும் குளுக்கோஸ்தானே" என்று வாதாடுபவர்கள் உண்டு. செட் குத்தி ஒரு நோயாளியின் நரம்போடு இணைந்திருந்த பாட்டிலுக்கு அந்த வாதம் ஆய்வில் எடுபடாது. அதை எடைக்கு விற்கக் கூடாது. சுத்திகரிப்பு நிலையத்தில், நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வேகவைத்து, துண்டு துண்டாக வெட்டிய பிறகுதான் அது மறுசுழற்சிக்குப் போக வேண்டும், அந்த வேலை அவர்களுடையது. பாட்டிலின் மேலுறை, அட்டைப்பெட்டி, மருந்து வந்த அட்டை, சாப்பாட்டு இலை, காகிதம் இவை சாதாரணக் குப்பை. பழைய கடைக்குப் போட விரும்பினால் அட்டையைப் போடுங்கள். அதையும் தனியிடத்தில் கட்டிவைத்து, நோயாளி பெயர் எழுதிய எந்தக் காகிதமும் அதற்குள் போகாமல் பாருங்கள். பழைய கேஸ் ஷீட்டை எடைக்குப் போடும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள், கிழித்துத் துகளாக்கித்தான் வெளியே விட வேண்டும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கணினியில் உள்ளதைத்தான் பேசுகிறது என்றாலும், நோயாளியின் ரகசியத்தைக் காப்பது மருத்துவருக்கு அதற்கு முன்பிருந்தே உள்ள கடமை.

மற்ற நிறங்கள். மஞ்சள் பையில் ரத்தமோ உடல் திரவமோ பட்ட பஞ்சு, கட்டுத்துணி, மாவுக்கட்டு, உடல் திசு, நஞ்சுக்கொடி, காலாவதியான மருந்து. புற்றுநோய் மருந்து கொடுப்பவர்கள் அதற்கென்று தனி அடையாளம் ஒட்டிய மஞ்சள் பையில் போட வேண்டும். வெள்ளை நிற, குத்தினால் ஓட்டை விழாத டப்பாவில் ஊசி, பிளேடு, ஊசியோடு ஒட்டியே வரும் சிரிஞ்சு. நீல டப்பாவில் கண்ணாடி, அதாவது ஊசி மருந்துக் குப்பி (வயல்), ஆம்பியூல், கண்ணாடி பாட்டில், அத்துடன் உடலிலிருந்து எடுத்த உலோகத் தகடு. பைகள் குளோரின் இல்லாத பிளாஸ்டிக்கில், உயிரி ஆபத்துச் சின்னத்தோடு இருக்க வேண்டும். கடையில் விலை குறைவு என்று சாதாரண நிறப் பையை வாங்கினால், எரியூட்டும்போது டையாக்சின் என்ற நச்சு கிளம்பும், வண்டிக்காரரும் எடுக்க மறுப்பார். முக்கால் அளவு நிறைந்ததும் கட்டிவிட வேண்டும். பொங்கப் பொங்க நிரப்பிக் காலால் மிதித்துக் கட்டும் இடத்தில்தான் ஆயாம்மாக்கள் கையில் ஊசி குத்துகிறது.

பிரசவ ஆஸ்பத்திரி என்பதால் நஞ்சுக்கொடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுக் கொல்லையில் புதைக்க வேண்டும் என்று கேட்கும் குடும்பங்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. அவர்கள் கேட்பது மரியாதையான ஒரு நம்பிக்கை, அதை ஏளனமாகப் பேசக் கூடாது. ஆனால் அது மனிதத் திசு, மஞ்சள் பைக்குரியது. கவரில் போட்டுக் கொடுத்துவிட்டால் நாய் தோண்டிப் போட்ட மறுநாள் உங்கள் ஆஸ்பத்திரி பெயர்தான் அடிபடும். பிரசவத்துக்குச் சேர்க்கும்போதே, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் நேரத்திலேயே, இதை வீட்டுப் பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். குழந்தை பிறந்த பரபரப்பில் சொன்னால் சண்டையில் முடியும். உயிர்வாழும் பருவத்தை எட்டாத கரு கலைந்தாலோ கலைக்கப்பட்டாலோ, அதை மஞ்சள் பையில் ஒப்படைக்கும்போது மகப்பேறு மருத்துவர் கொடுத்த சான்றிதழின் நகலும் கூடவே போக வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. இந்த நகல் இல்லாமல் ஒரு கரு கழிவு வண்டியில் கிடைத்தால் விவகாரம் கழிவோடு நிற்காது, கருக்கலைப்புச் சட்டம், பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் வரை போகும்.

லேப் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறு, ரத்த மாதிரியையும், கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் தட்டையும் அப்படியே பையில் கட்டிவிடுவது. இவற்றை வெளியே அனுப்பும் முன் உங்கள் இடத்திலேயே கிருமிநீக்கம் செய்திருக்க வேண்டும். ஆட்டோகிளேவ் இருந்தால் அதுவே நல்லது. திரவக் கழிவுக்கு ஹைபோகுளோரைட் கரைசல், வலிமை 1 முதல் 2 சதவீதம். கடையில் 5 சதவீதம் என்று எழுதிய கரைசல் வாங்கினால் ஒரு லிட்டருக்கு 4 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் 1 சதவீதம் கிடைக்கும். 10 சதவீதம் என்றால் ஒன்றுக்கு ஒன்பது. பிளீச்சிங் பவுடர்தான் இருக்கிறது என்றால், 30 சதவீதக் குளோரின் உள்ள தூளில் லிட்டருக்கு 33 கிராம். காலையில் கரைத்ததை அன்றே தீர்த்துவிடுங்கள், நம் வெயிலில் திறந்துவைத்த கரைசல் சாயங்காலத்துக்குள் வீரியம் இழந்துவிடும். வெறும் வாசனையை வைத்து "நல்லா காட்டமாத்தான் இருக்கு" என்று முடிவு செய்யாதீர்கள். மஞ்சள் பைக்குப் போகும் பஞ்சையும் துணியையும் மட்டும் ஹைபோவில் ஊறவைக்கக் கூடாது. குளோரினோடு எரியூட்டிக்குப் போனால் அதுவே நஞ்சாக மாறும்.

48 மணி நேரம் என்ற கெடுவை எல்லோரும் அறிவார்கள். அதைக் காப்பாற்றுவதில்தான் சிக்கல். சுத்திகரிக்காத உடல் திசு, ரத்தம் பட்ட கழிவு ஆகியவற்றை அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பொங்கலுக்கு மூன்று நாள் வண்டி வராது, நெல்லையப்பர் கோயில் ஆனிப் பெருந்திருவிழாத் தேரோட்டத்தன்று ரத வீதிப் பக்கம் வண்டி நுழையாது, மழை வெள்ளத்தில் பாலம் மூடினால் யாரும் வர முடியாது. வண்டி வராத நாளை நீங்கள் எப்படி எழுதிவைக்கிறீர்கள் என்பதுதான் ஆய்வில் பார்க்கப்படும். வரவில்லை என்றால் அன்றே நிலையத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், வாட்ஸ்அப் போதாது, மின்னஞ்சல் வேண்டும். கெடு தாண்டும் என்று தெரிந்தால் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் காரணத்தோடு ஒரு கடிதம். நகலைக் கோப்பில் வையுங்கள். மொட்டை மாடியிலோ ஜெனரேட்டர் அறையிலோ குவித்துவைக்காமல், பூட்டும் வசதி உள்ள, தரை கழுவக்கூடிய, நாயும் எலியும் நுழையாத ஒரு சின்ன அறையை ஒதுக்குங்கள். பத்துப் படுக்கைக்கு ஒரு பாத்ரூம் அளவு அறை போதும்.

பதிவேட்டில் ஏமாற்றுவது மிக எளிது, கண்டுபிடிப்பதும் அதே அளவு எளிது. மாதம் முழுவதும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, தினமும் மஞ்சள் 2 கிலோ, சிவப்பு 1 கிலோ என்று இருந்தால், மாதக் கடைசியில் உட்கார்ந்து நிரப்பியது என்று புத்தகத்தைத் திறந்ததும் தெரிந்துவிடும். அறுவை சிகிச்சை மூன்று நடந்த நாளிலும் ஒன்றும் நடக்காத நாளிலும் எடை ஒன்றாக இருக்க முடியாது. கிராம் காட்டும் எலக்ட்ரானிக் தராசு ஒன்றை அந்த அறையிலேயே வையுங்கள். ஒவ்வொரு பையையும் நிறவாரியாக எடை போட்டு, பட்டைக்குறியீடு ஒட்டி, எழுதி, வண்டி வந்ததும் ஓட்டுநரிடம் கையெழுத்தும் வண்டி எண்ணும் வாங்குங்கள். வழக்கமான வண்டிக்குப் பதில் வேறு வண்டி வந்தால், குறிப்பாகப் பெயர் எழுதாத லோடு ஆட்டோ வந்தால், நிலையத்துக்கு போன் செய்து உறுதிப்படுத்தாமல் ஏற்றாதீர்கள். நடுக்கல்லூரில் நடந்ததற்கெல்லாம் வேர், மருத்துவமனைக்கும் நிலையத்துக்கும் நடுவில் நுழையும் மூன்றாவது ஆள்தான். நிலையம் தரும் மாதாந்திர ரசீதில் உள்ள மொத்த எடையும் உங்கள் பதிவேட்டின் மொத்த எடையும் ஒத்துவருகிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். கொஞ்சம் வித்தியாசம் இயல்பு. உங்கள் கணக்கு 60 கிலோ, அவர்கள் கணக்கு 25 கிலோ என்றால் இடையில் ஏதோ நழுவிப்போகிறது, அதை அன்றே கேட்க வேண்டும். பதிவேடுகளை 5 ஆண்டு வைத்திருங்கள்.

ஆண்டறிக்கை நான்காம் படிவத்தில், முந்தைய ஜனவரி முதல் டிசம்பர் வரையான கணக்கோடு, ஜூன் 30க்குள் வாரியத்துக்குப் போக வேண்டும். படுக்கை உள்ள மருத்துவமனைக்குக் கழிவு அங்கீகாரம், நீர், காற்றுச் சட்டங்களின்படி வாரியம் தரும் இசைவாணையோடு (கன்சென்ட்) சேர்ந்தே காலாவதியாகும், அதனால் இசைவாணைத் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். படுக்கை இல்லாத கிளினிக்குக்கு ஒரே முறை அங்கீகாரம் போதும். 30 படுக்கைக்கு மேல் இருந்தால் கழிவு மேலாண்மைக் குழு அமைத்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். உங்களுக்கு அது வேண்டாம், தகுதியான ஒருவரை எழுத்துமூலம் பொறுப்பாக நியமித்தால் போதும். மூத்த நர்சு ஒருவரை நியமித்து, அவருக்கு அந்த வேலைக்கென்று நேரமும் கொடுங்கள். இருக்கிற வேலையோடு இதுவும் என்றால் பெயர் மட்டும்தான் காகிதத்தில் இருக்கும். இதோடு, 1997ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப் பதிவுச் சான்றிதழில் என்ன தேதி போட்டிருக்கிறது என்றும் பாருங்கள். 2018 திருத்தமும் விதிகளும் வந்த காலத்தில் அவசர அவசரமாகப் பதிவு செய்த பல இடங்கள், புதுப்பிக்கும் நாளை மறந்துவிடுகின்றன. மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தால் கழிவு ஒப்பந்தத்தையும் கேட்பார்கள். ஒன்றில் குறை இருந்தால் மற்றதும் இழுபடும்.

பணியாளர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் வீண். பை கட்டுவது நீங்களோ நானோ இல்லை, குறைந்த சம்பளத்துக்கு வரும் ஆயாம்மாக்கள். அவர்கள் கையில் தடித்த கையுறை, காலில் மூடிய காலணி, கண்டிப்பாக ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி. ஹெபடைடிஸ் பி மூன்று தவணை, தொடக்கம், 1 மாதம், 6 மாதம். வேலைக்குச் சேரும்போதும் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் பயிற்சி, உடல் பரிசோதனை, எல்லாம் கையெழுத்தோடு பதிவு. ஊசி குத்திவிட்டால் அமுக்கிப் பிழியக் கூடாது, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்து தேவையா என்பதை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் முடிவுசெய்ய வேண்டும், 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. இரவு பத்து மணிக்குக் குத்தினாலும் காலை வரை காத்திராமல் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். திட்டுவார்களோ என்று பயந்து மறைக்கிற ஆயாம்மாதான் உண்மையில் பாதிக்கப்படுவார். ஊசி குத்திய ஒவ்வொரு சம்பவமும் ஆண்டறிக்கையில் வர வேண்டும். பெரிய விபத்து என்றால் வாரியத்துக்கு உடனே தகவல், 24 மணி நேரத்துக்குள் முதலாம் படிவம். ஆண்டறிக்கையில் ஊசிக் காயம் பூஜ்யம் என்று எழுதும் இடங்களைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

கடைசியாக, இதுவரை விற்ற பாட்டில்கள். இன்றே நிறுத்துங்கள், இன்றிலிருந்தே சிவப்புப் பையில் போட்டு எடை எழுதுங்கள். நாளையிலிருந்து சிவப்பின் எடை திடீரென்று கூடும், அதைக் கண்டு பயந்து கணக்கைச் சமப்படுத்த வேண்டாம். கொல்லையில் இன்னும் கட்டிக் கிடக்கும் சாக்கு இருந்தால் அதையும் நிலையத்திடம் ஒப்படைத்து, பழைய இருப்பு என்று வெளிப்படையாகக் குறிப்பெழுதி ரசீது வாங்குங்கள். கூடுதல் எடைக்குக் கட்டணம் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். காயலான் கடைக்காரரிடம் இனி வர வேண்டாம் என்று நீங்களே நேரில் சொல்லுங்கள், வாட்ச்மேன் மூலம் சொன்னால் ராத்திரி வியாபாரம் தொடரும். எந்தக் காரணத்துக்காகவும் பழைய தேதி போட்டுப் பதிவேடு எழுதாதீர்கள், நிலையத்து ஆளிடம் பின்தேதிக் கையெழுத்தும் வாங்காதீர்கள். விற்றது தண்டம் கட்டி முடிகிற விதிமீறல், பொய்ப் பதிவேடு தயாரித்தால் அது தனிக் குற்ற வழக்கு. வாரியத்திலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால், அதில் குறித்த நாளுக்குள், என்றிலிருந்து நிறுத்தினோம், என்ன மாற்றினோம் என்பதை ரசீது நகல்களோடு பதிலாகக் கொடுங்கள். போலீஸ் தரப்பிலிருந்து அழைப்பு வந்தால் மட்டும் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள், வாய்மொழியாக எதையும் விளக்கப் போக வேண்டாம்.